வளவில் உட்கார்ந்த அப்பத்தா ஏன் பொம்மை மாதிரி தெரிகிறார்?

கேள்வியை என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். பிளெண்டர் என்கிற 3டி மென்பொருளில் ஒரு செட்டிநாட்டு வீட்டு வளவை, அதாவது நடுவில் திறந்த முற்றமும் சுற்றித் தாழ்வாரமும் உள்ள பகுதியை, கட்டி, தாழ்வாரத்தில் தூணில் சாய்ந்து கால் நீட்டி வெற்றிலை மடிக்கும் அப்பத்தாவை அதில் உட்கார வைத்திருக்கிறீர்கள். முகமும் சேலையும் தூணும் தனித்தனியாகப் பார்த்தால் நன்றாக இருக்கின்றன, ரெண்டர் (மென்பொருள் கணக்குப் போட்டுத் தரும் முடிவான படம்) எடுத்தால் மட்டும் ஆள் மெழுகுப் பொம்மை மாதிரி, எங்கிருந்தோ வெட்டி ஒட்டினது மாதிரி தெரிகிறார், ஃபோட்டோஷாப்பில் என்ன செய்தால் உயிர் வரும் என்று கேட்கிறீர்கள். நீங்கள் போட்ட படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உங்கள் உண்மையான சந்தேகம், அப்பத்தா ஏன் அந்த வீட்டுக்குள் இருப்பதாகத் தோன்றவில்லை என்பதுதான். அதில் முக்கால்வாசி விளக்கு விவகாரம். ரீடச்சிங், அதாவது எடுத்த படத்தைத் திருத்துவது, மீதிக் காலுக்கு. அந்தக் காலை வைத்துக்கொண்டு முக்காலைச் சரிசெய்யப் போனால் ராத்திரி பூராவும் பிரஷ்ஷைத் தேய்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

நான் காரைக்குடியில் கல்யாண ஆல்பம் ரீடச்சிங்கில் தொடங்கியவன். அப்புறம் பழைய வீடுகளைப் புதுப்பிக்கிறவர்களுக்கு முன்கூட்டியே படம் காட்டும் வேலைக்கு வந்து, இப்போது பெரும்பாலும் அதுதான் பிழைப்பு. அதனால் இந்த வீடுகளுக்குள் வெளிச்சம் எப்படி நடந்துகொள்ளும் என்பது பற்றி தைரியமாகப் பேசுவேன். அனிமேஷனுக்கு லைட்டிங் செய்த அனுபவம் எனக்குக் குறைவு. உங்களுடையது நிலைப்படம் என்பதால் அது பெரிதாக உறுத்தாது. உங்கள் ஃபைல் என்னிடம் இல்லை, படத்தை வைத்துத்தான் சொல்கிறேன், அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கண்ணைப் பாருங்கள். அப்பத்தாவின் கருவிழியில் இரண்டு வெள்ளைச் சதுரங்கள் மின்னுகின்றன, இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. அவை நீங்கள் வைத்த இரண்டு ஏரியா லைட்டுகள், பலகை மாதிரி தட்டையான விளக்குகள். அந்த வீட்டில் அப்படி இரண்டு சதுர ஜன்னல்கள் எங்கே இருக்கின்றன? முற்றத்துக்கு மேலே ஒரே ஒரு திறந்த வானம்தான் இருக்கிறது. பார்க்கிறவர் இதைக் கவனித்துச் சொல்ல மாட்டார், ஆனால் 'என்னவோ ஸ்டூடியோ மாதிரி இருக்கே' என்று அவருக்குத் தோன்றிவிடும். அடுத்து, தூணின் நிழல் வலப்பக்கம் விழுகிறது, மூக்கின் நிழல் இடப்பக்கம் போகிறது. மூன்றாவது, தலைமுடி ஓரத்திலும் தோளிலும் நீலமாக ஒரு ரிம் லைட் ஓடுகிறது. அவருக்குப் பின்னால் இருப்பது இரட்டைக் கதவு போட்ட அறை, சாத்திய தேக்குக் கதவிலிருந்து நீல வெளிச்சம் வராது. கீ (முக்கிய வெளிச்சம்), ஃபில் (நிழலை நிரப்புவது), ரிம் (பின்னாலிருந்து ஓரத்தைக் காட்டுவது) என்று மூன்று விளக்கு வைப்பதை எல்லா டுடோரியலும் சொல்லிக்கொடுக்கிறது. வெறும் பின்னணியில் ஒரு தலையை நிறுத்தி வைக்கும்போது அது நல்ல முறைதான். வீடு என்று ஒன்றைக் கட்டிய பிறகு விளக்கு வைக்கும் உரிமை அந்த வீட்டுக்குப் போய்விடுகிறது.

வளவில் உட்கார்ந்திருக்கிற ஒருவர் மேல் நேர் வெயில் அபூர்வமாகத்தான் விழும். அவருக்குக் கிடைப்பது மூன்று வெளிச்சம். முற்றத்தின் வாய் வழியாக வரும் வானத்தின் வெளிச்சம் முதலாவது. அது மேலிருந்து, முன்பக்கமாக, மிருதுவாக, கொஞ்சம் நீலமாக வரும். இரண்டாவது, வெயில் பட்ட இடம் எதுவோ அது, தரையோ சுவரோ எதிர்த்தாழ்வாரத்துத் தூணோ, அங்கிருந்து தெறித்து வருவது. அது சூடான நிறம், அந்த வீட்டுக் கல்லின் நிறத்தையும் கொஞ்சம் எடுத்து வரும். மூன்றாவது, பின்சுவரிலும் கூரையிலும் பட்டுப் பட்டு வரும் மிச்சம், ரொம்பச் சன்னமானது. இந்த மூன்றில் ஆளை அந்த இடத்தோடு கட்டிப்போடுவது இரண்டாவதுதான். உங்கள் படத்தில் அது சுத்தமாக இல்லை. முற்றத்துத் தரை வெள்ளை வெளேரென்று எரிகிறது, அதற்கு நாலடி தள்ளி இருக்கும் அப்பத்தாவின் தாடைக்கு அடியில் ஒரு பொட்டு வெளிச்சம்கூட ஏறவில்லை.

அந்த இரண்டாவது வெளிச்சம் எங்கிருந்து வரும் என்பதை நேரம்தான் முடிவு செய்யும், அதனால் நேரத்தை முதலில் தீர்மானியுங்கள். காரைக்குடி வட்டாரம் கிட்டத்தட்ட 10 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. சித்திரை பிறக்கிற ஏப்ரல் மத்தியிலும் மறுபடி ஆகஸ்ட் கடைசியிலும் உச்சிவெயில் நேர் தலைக்கு மேல் நிற்கும், அதுவும் சரியாகப் பன்னிரண்டுக்கு இல்லை, ஏப்ரலில் பன்னிரண்டே காலுக்கு. அப்போது முற்றத்துத் தரை மட்டும் எரியும், முகத்துக்கு வெளிச்சம் கீழிருந்து வரும். கண்குழிக்குள் அடியிலிருந்து வெளிச்சம் ஏறினால் எவ்வளவு அழகான முகமும் விகாரமாகத் தெரியும். மார்கழி உச்சியில் சூரியன் தெற்கே சாய்ந்து 57 டிகிரி உயரத்தில்தான் நிற்கும், வெயில் முற்றத்தின் வடபக்கமாக ஒதுங்கும். நீங்கள் உச்சிவேளையை விட்டுவிட்டு சித்திரை மாதக் காலை எட்டரை மணியை எடுத்துக்கொள்ளுங்கள். சூரியன் கிட்டத்தட்ட நேர் கிழக்கில், சுமார் 35 டிகிரி உயரத்தில் இருக்கும். கிழக்குத் தாழ்வாரத்து ஓட்டு விளிம்பு நாலு மீட்டர் உயரம், முற்றம் ஆறு மீட்டர் அகலம் என்று வைத்துக்கொண்டால் அந்த நேரத்து வெயில் மேற்குப்பக்கத் தூண்களை முழுசாகக் குளிப்பாட்டி அவற்றின் அடியைத் தொட்டுக்கொண்டு நிற்கும். அப்பத்தாவை வடக்கு அல்லது தெற்குத் தாழ்வாரத்துக்கு மாற்றினால், அவர் முகத்துக்கு ஒரு பக்கம் பெரிய, சூடான எதிரொளி, மேலே முன்பக்கம் வானம், கிழக்குப் பக்கம் இருட்டு. முகத்துக்கு வடிவம் கொடுக்க இதைவிட நல்ல ஏற்பாட்டை ஏரியா லைட் வைத்துச் செய்ய முடியாது.

பிளெண்டரில் இதைச் செய்வது சுலபம். இப்போது இருக்கிற விளக்குகள் அத்தனையையும் அணைத்துவிட்டு, வேர்ல்டில் வானத்தையும் சூரியனையும் சேர்த்துத் தரும் ஸ்கை டெக்ஸ்சர் ஒன்று போட்டு, சன் எலிவேஷனை 35க்கு வைத்து, ரொட்டேஷனை உங்கள் வீட்டின் கிழக்குக்குத் திருப்புங்கள். படம் ஒரேயடியாக வெளுத்துவிடும். பயந்து வெயிலைக் குறைக்காதீர்கள், எக்ஸ்போஷரைக் குறையுங்கள். வெயிலுக்கும் வானத்துக்கும் உள்ள விகிதம்தான் நிஜத்தன்மையைத் தருகிறது, ஒன்றை மட்டும் குறைத்தால் அது கெட்டுவிடும். எச்.டி.ஆர்.ஐ. (நிஜ இடத்தைச் சுற்றிலும் அதன் வெளிச்ச அளவோடு எடுத்த படம்) போட ஆசைப்பட்டால் போடலாம், ஆனால் ஏதோ ஐரோப்பியத் தோட்டத்தில் மாலையில் எடுத்த வானம் உங்கள் முற்றத்துக்குள் இறங்கினால் நிறம் ஒட்டாது. முற்றத்து வாயின் அளவுக்கு ஒரு ஏரியா லைட் வைத்து அதை போர்ட்டலாக மாற்றுங்கள். அது தனியாக வெளிச்சம் தராது, வானம் எந்த வழியாக வருகிறது என்று பிளெண்டரின் ரெண்டர் எஞ்சினான சைக்கிள்ஸுக்குக் காட்டிக்கொடுக்கும், நாய்ஸ் என்கிற புள்ளிப் பிசிறு குறையும். டிஃப்யூஸ் பவுன்ஸ், அதாவது வெளிச்சம் பரப்புகளில் பட்டுத் தாவும் தடவைகளின் எண்ணிக்கை, சும்மா விட்டால் 4 இருக்கும், இந்த மாதிரி வீட்டுக்கு அது போதாது, 8 வரைக்கும் ஏற்றிப் பாருங்கள்.

அதோடு சுவர் நிறத்தையும் பார்த்துவிடுங்கள். வெள்ளைச் சுவருக்கு 1.0 மதிப்பு கொடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன், எல்லாரும் அப்படித்தான் கொடுக்கிறார்கள். உலகத்தில் எந்தச் சுவரும் பட்ட வெளிச்சம் முழுவதையும் திருப்பிக் கொடுப்பதில்லை. புதுச் சுண்ணாம்புச் சுவர்கூட 0.8க்குள் அடங்கும், பழசு அதற்கும் கீழே. 1.0 கொடுத்தால் கிணற்றுக்குள் கத்தின குரல் மாதிரி வெளிச்சம் அடங்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும், நிழல் எல்லாம் சாம்பலாக வெளுத்துப் போகும். சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்த பூச்சு சாதாரண பெயிண்ட் மாதிரி மங்கலாக இருக்காது, சரிவாகப் பார்த்தால் தூணின் சாயல் அதில் தெரியும். அதனால் நிறத்தைக் குறைத்து, ரஃப்னஸையும் (சொரசொரப்பு அளவு, குறைந்தால் மினுக்கம் கூடும்) குறைத்து, சுவர் மேல் கை படும் உயரத்தில் மட்டும் லேசாக அழுக்கு ஏற்றுங்கள்.

முற்றத்துக்கு மேலே இரும்புக் கம்பி அடைப்பு வைத்திருக்கிறீர்கள், அது அருமையான விஷயம், பல வீடுகளில் இருக்கிறது. ஆனால் அதன் நிழல் கத்தியால் கீறினது மாதிரி கூர்மையாக விழுகிறது. சூரியன் ஒரு புள்ளி இல்லை, வானத்தில் அரை டிகிரிக்குக் கொஞ்சம் அதிகமான அகலம் உள்ள வட்டம். அதனால் நிழலின் ஓரம், தடுக்கும் பொருளிலிருந்து ஒவ்வொரு மீட்டர் தள்ளிப் போகும்போதும் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் மங்கும். வெயில் கம்பியைக் கடந்து ஆறு மீட்டர் வந்தபின் விழும் நிழலின் ஓரம் ஐந்தரை சென்டிமீட்டருக்குக் கலைந்திருக்கும், விரல் தடிமன் கம்பி நிழலாகக்கூடத் தெரியாது, வெயில் கால்பங்கு மங்கின ஒரு கோடாகத்தான் தெரியும். உங்கள் சன் லைட்டின் ஆங்கிள் பூஜ்யமாக இருக்கும், பாருங்கள். அதை 0.53க்கு மாற்றினாலே பாதித் தரை நிஜமாகிவிடும்.

தரையைப் பற்றி எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது, கொஞ்சமாகச் சொல்கிறேன். ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டது இல்லை. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, கட்டங்களில் நிறச் சிமென்ட்டை ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, அதன் மேல் மணலும் சிமென்ட்டும் போட்டு அழுத்தி, காய்ந்தபின் தண்ணீரில் ஊற வைக்கிறார்கள். அந்தக் கண்ணாடியின் வழவழப்புதான் கல்லின் முகத்துக்கு வருகிறது. கையால் ஊற்றுவதால் பூவின் ஓரம் ஒரு கல்லில் இருப்பது போல அடுத்ததில் இருக்காது. உங்கள் தரையில் ஒரே கல் அப்படியே திரும்பத் திரும்ப வருகிறது, பளபளப்பும் கண்ணாடி மாதிரி எங்கும் ஒரே சீராக இருக்கிறது. மூன்று நாலு வகைக் கல்லைச் செய்து கலந்து போடுங்கள், ரஃப்னஸை 0.15க்கும் 0.35க்கும் நடுவில் ஒரு வரைபடமாக அலையவிடுங்கள், ஆள் நடக்கிற வழியில் மினுக்கம் கூடவும் தூண் ஓரத்தில் குறையவும் செய்யுங்கள். அப்புறம் முக்கியமான ஒன்று, இவ்வளவு பளபளப்பான தரையில் அப்பத்தாவின் பிரதிபலிப்பு எங்கே? தூணுக்கு இருக்கிறது, அவருக்கு இல்லை. ஆளைத் தனி லேயரில் ரெண்டர் செய்து ஒட்டியிருக்கிறீர்கள் என்று அதிலிருந்துதான் ஊகித்தேன். அப்படிச் செய்யாதீர்கள். ஒரே சீனில், ஒரே ரெண்டரில் எடுங்கள். தரையின் சிவப்பு சேலை மடிப்பின் அடியில் ஏறுவதும் சேலையின் அரக்கு தரையில் கசிவதும் தானாக நடக்கும், அதைக் கையால் வரைய நினைத்தால் எங்கேயாவது தப்பும்.

சரி, தோலுக்கு வருவோம். மெழுகுத்தனம் இங்கேதான் இருக்கிறது. முதல் காரணம், சப்சர்ஃபேஸ் அளவு, அதாவது வெளிச்சம் தோலுக்குள் எவ்வளவு தூரம் பரவுகிறது என்பது. தோலுக்குள் வெளிச்சம் ஊடுருவிப் பரவுவது சில மில்லிமீட்டருக்குத்தான், சிவப்பு அதிகம் போகும், பச்சையும் நீலமும் சீக்கிரம் நின்றுவிடும். பிளெண்டரில் 1, 0.2, 0.1 என்று கொடுத்திருப்பதும் அந்த விகிதத்துக்காகத்தான். ஆனால் அதைப் பெருக்குகிற ஸ்கேல் சென்டிமீட்டர் கணக்கில் போய்விட்டால் மூக்கும் காதும் ஜெல்லி மாதிரி ஆகிவிடும். உங்கள் மாடல் நிஜ உயரத்தில் இருக்கிறதா, ஸ்கேல் அப்ளை செய்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள், பிறகு ஸ்கேலை மில்லிமீட்டருக்குக் கொண்டுவாருங்கள். சுருக்கங்களுக்கு நடுவில் இருக்கும் சின்ன நிழல்கள் உடனே திரும்பி வரும்.

இரண்டாவது காரணம் நம் ஊர்த் தோலைப் பற்றியது. இணையத்தில் கிடைக்கிற தோல் செட்டிங் பெரும்பாலும் வெளுத்த தோலுக்காகச் செய்தது. அதை எடுத்து நிறத்தை மட்டும் மாநிறமாக மாற்றினால் செம்மண் பூசின மாதிரி வரும், உங்களுடையது அப்படித்தான் வந்திருக்கிறது. கருத்த தோலில் மேல்தோலின் மெலனின் நிறைய வெளிச்சத்தை உறிஞ்சிவிடுவதால் உள்ளிருந்து வரும் சிவப்பு குறைவாகத்தான் தெரியும். ஆனால் மேற்பரப்பில் பட்டு நேராகத் தெறிக்கும் மினுக்கம் எந்த நிறத் தோலுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான், நேராகப் பட்டால் நூறில் மூன்று பங்கு போல, சரிவாகப் பட்டால் அதிகம். உள்ளிருந்து வருவது குறையும்போது அந்த மினுக்கம்தான் முகத்தின் வடிவத்தைச் சொல்கிறது, கன்னத்து எலும்பு, நெற்றி, மூக்குத் தண்டு எல்லாம் அதில்தான் தெரியும். ஆகவே கருத்த முகத்துக்கு வெளிச்சத்தைக் கூட்டுவதால் பயனில்லை, பக்கவாட்டில் பெரிய வெளிச்சப் பரப்பு ஒன்று வேண்டும், அது தோலில் பிரதிபலிக்க வேண்டும். மேற்குத் தூண் வரிசையைக் காலை வெயிலில் நிறுத்தச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். தோல் ரஃப்னஸை முகம் முழுக்க ஒரே எண்ணாக வைக்காமல், நெற்றி, மூக்குநுனி, கீழுதடு ஆகியவற்றில் குறைத்து, கன்னத்தின் பக்கவாட்டில் கூட்டுங்கள். நெற்றியில் திருநீறு வைத்திருக்கிறீர்கள், அது தூள், அந்த இடத்தில் மினுக்கமே இருக்கக் கூடாது, இப்போது தோலோடு சேர்ந்து பளபளக்கிறது. உள்ளங்கையும் பாதத்தின் அடியும் வெளுத்திருக்கும். கால் நீட்டி உட்கார்ந்திருப்பதால் பாதம் கேமராவுக்குத் தெரிகிறது, அதைத் தவறவிடாதீர்கள்.

கண்ணின் வெள்ளை வெள்ளையாக இருக்கக் கூடாது, வயதானவர்களுக்கு லேசான மஞ்சளும் நரம்புச் சிவப்பும் இருக்கும், மேல்இமையின் நிழல் அதன் மேல் விழ வேண்டும். கீழ்இமை ஓரத்தில் ஈரக்கோடு ஒன்றைத் தனி மெஷ்ஷாக வையுங்கள், சின்ன வேலைதான், பலன் பெரிது. நரைத்த முடி அழுக்காகச் சாம்பல் படிந்தது மாதிரி இருப்பதாக நீங்களே எழுதியிருந்தீர்கள். நரைமுடியில் வெளிச்சம் ஓர் இழையிலிருந்து இன்னோர் இழைக்கு நிறையத் தடவை தாவித்தான் அந்த வெள்ளையைத் தருகிறது, பவுன்ஸ் போதாவிட்டால் உள்ளே இருண்டுவிடும். அதனால் முடியின் நிறத்தைத் தொடாமல் பவுன்ஸைக் கூட்டிப் பாருங்கள். சேலை கண்டாங்கி என்றால் பருத்தி, பட்டு மாதிரி ஓடும் மினுக்கம் அதற்கு வேண்டாம். சேலை தரையைத் தொடும் கோட்டை நூறு சதவீதத்தில் வைத்துப் பார்த்தேன், சில மடிப்புகள் தரைக்கு மேலே மிதக்கின்றன, சில தரைக்குள் போயிருக்கின்றன. உட்கார்ந்த ஆளின் பாரம் அங்கேதான் தெரியும். கிளாத் சிமுலேஷனைத் திரும்ப ஓட்ட நேரம் இல்லாவிட்டால் அந்த ஓரத்தை மட்டும் கையால் இழுத்துப் படிய வையுங்கள். வெற்றிலைச் செல்லமும் தோடும் மங்கிக் கிடப்பது உலோகத்தின் தப்பு இல்லை, பித்தளைக்கும் தங்கத்துக்கும் சொந்த நிறம் என்று தனியாகப் பெரிதாக ஒன்றும் கிடையாது, எதிரே இருப்பதைத்தான் நிறம் ஏற்றிக் காட்டும். வானமும் தூணும் சரியாக வந்துவிட்டால் அவை தாமாக மின்னும்.

இனி ரீடச்சிங். ஜேபெக்கில் சேமித்துவிட்டு அதைத் திருத்துவதை நிறுத்துங்கள். மல்டிலேயர் ஓபன் இ.எக்ஸ்.ஆர். என்கிற கோப்பு வடிவில் எடுங்கள், அதில் முற்றத்து வெயிலின் பிரகாசம் வெட்டுப்படாமல் அப்படியே இருக்கும். பிளெண்டர் 3.2 முதல் லைட் குரூப் வசதி இருக்கிறது, வெயிலை ஸ்கை டெக்ஸ்சரிலிருந்து எடுத்துத் தனி சன் லைட்டாக வைத்து, அதை ஒரு குரூப்பிலும் வானத்தை இன்னொன்றிலும் போட்டால் மறுபடி ரெண்டர் ஓட்டாமலேயே காம்போசிட்டரில் (பிளெண்டரில் ரெண்டர் அடுக்குகளைக் கலக்கும் பகுதி) இரண்டின் அளவையும் நிறத்தையும் லேசாக ஏற்றி இறக்கலாம். ஒவ்வொரு பொருளையும் அடையாளம் காட்டும் கிரிப்டோமேட் வசதியை இயக்கிவிட்டால் தோல், சேலை, தரை என்று முடி ஓரம் உட்பட மாஸ்க் தானாகக் கிடைக்கும், லாசோ வைத்து வெட்டவே வேண்டாம். பிறகு 16 பிட்டில் ஃபோட்டோஷாப்புக்கோ கிரிட்டாவுக்கோ கொண்டுபோங்கள்.

அங்கே போனபின் நான் செய்வது முக்கியமாக ஒன்றுதான், டாட்ஜ் அண்ட் பர்ன். 50 சதவீதச் சாம்பல் லேயரை சாஃப்ட் லைட்டில் வைத்து, ரொம்பக் குறைந்த ஃப்ளோவில் பெரிய பிரஷ்ஷால், பார்ப்பவர் எங்கே முதலில் பார்க்க வேண்டுமோ அங்கே கொஞ்சம் ஏற்றி, மற்ற இடத்தை இறக்குவது. உங்கள் படத்தில் மூலையில் இருக்கும் செப்புக் குடமும் எரிகிற முற்றத்துத் தரையும் முகத்தோடு போட்டி போடுகின்றன, அவற்றை இறக்கினாலே முகம் மேலே வரும். முகத்தில் நேரடியாகச் செய்வதை வெற்றிலையை மடிக்கும் விரல்களிலும் செய்யுங்கள், அந்தப் படத்தின் கதை கையில்தான் நடக்கிறது. நிழல் போகும் திசையை மாற்றுவது, இல்லாத ரிம் லைட்டை வரைவது, தாடைக்கு அடியில் எதிரொளியைப் பூசுவது இதெல்லாம் பிரஷ்ஷின் வேலை இல்லை, அப்படிச் செய்யத் தோன்றினால் பிளெண்டருக்குத் திரும்பிவிடுங்கள். கல்யாண ஆல்பத்தில் தோலை வழவழப்பாக்குகிற கை எனக்கும் உண்டு, சிஜி (கணினியில் உருவாக்கிய) ஆளிடம் அந்தப் பழக்கம் விஷம். கேமரா படத்தில் குறை அதிகம், அதைக் குறைக்கிறோம். சிஜியில் குறையே இல்லாதது பிரச்சினை, அதனால் மூக்கு ஓரத்தில் சிவப்பு, கண்ணுக்கு அடியில் கருமை, கையில் வயதுப்புள்ளிகள் என்று ஏற்ற வேண்டியிருக்கிறது. அதுவும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லாமல்.

நாய்ஸை நீக்கும் டீநாய்ஸர் விஷயத்தில் கவனம். ஓபன் இமேஜ் டீநாய்ஸ் அருமையான கருவி, ஆல்பிடோவையும் (பரப்பின் நிறம்) நார்மலையும் (பரப்பு பார்க்கும் திசை) சேர்த்துக் கொடுத்தால் இன்னும் நல்லது. அப்படியும் தோலின் துவாரங்களையும் பருத்தி இழையையும் தின்றுவிடும், மெழுகுத்தனத்துக்கு அதுவும் ஒரு கூட்டாளி. சாம்பிளைக் கூட்டி, டீநாய்ஸ் செய்த படத்தையும் செய்யாததையும் முகத்தில் மட்டும் பாதிப்பாதி கலக்குங்கள். எல்லாம் முடிந்த கடைசியில் படம் முழுக்க ஒரே சீராகச் சன்னமான கிரெயின் போடுங்கள், ஆளுக்கும் வீட்டுக்கும் ஒரே தோல் கிடைக்கும். பின்னணி மங்கலை ஃபோட்டோஷாப்பில் போடாதீர்கள், முடி ஓரத்தில் பிசிறும், கேமராவிலேயே வையுங்கள். உங்கள் மாதிரி முழு ஆளும் வீடும் தெரிகிற படத்துக்கு அது ரொம்பக் கொஞ்சம் போதும்.

இதுவரை சொன்னதில் நிழல், விகிதம், தோல் அளவு, பவுன்ஸ் எல்லாம் ஒளியின் கணக்கு, அதில் சந்தேகம் வேண்டாம். இனி சொல்வது ருசி. வியூ டிரான்ஸ்ஃபார்மில், அதாவது கணக்கிட்ட வெளிச்சத்தைத் திரைக்கு ஏற்றபடி மாற்றும் முறையில், ஃபில்மிக்கா ஏஜிஎக்ஸா என்று சண்டை போடுகிறார்கள். 4.0 பதிப்பிலிருந்து ஏஜிஎக்ஸ்தான் தானாக வருகிறது, வெயில் எரிகிற இடத்தில் நிறம் திடீரென்று மாறாமல் மெதுவாக வெளுப்பதால் முற்றம் உள்ள படங்களுக்கு எனக்கு அது பிடிக்கிறது, ஆனால் கல்லின் சிவப்பும் மஞ்சளும் கொஞ்சம் சோர்ந்துவிடும், கடைசியில் நானே கையால் ஏற்றுகிறேன். ஸ்டாண்டர்டில் மட்டும் விடாதீர்கள், நெற்றி மினுக்கம் வெந்துபோகும். இருட்டுத் தாழ்வாரத்துக்கும் வெயில் தரைக்கும் ஐந்தாறு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பாவது) வித்தியாசம் வரும், முகத்துக்கு எக்ஸ்போஸ் செய்து தரையை எரியவிடுவதா, தரையைக் காப்பாற்றி முகத்தை அரையிருட்டில் வைப்பதா என்பதும் உங்கள் விருப்பம். நான் என்றால் நடுவில், முகத்தின் பக்கம் கொஞ்சம் சாய்ந்து நிற்பேன். முகத்தை ஏதாவது ஏஐ கருவியில் ஓட்டி நிஜமாக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். ஓட்டினால் தோல் நிஜமாக வரலாம், ஆனால் வருகிற முகம் உங்கள் அப்பத்தாவுடையதாக இருக்காது, ஜாடை நழுவிவிடும். வீட்டு ஆட்களுக்குக் காட்டுகிற படம் என்று எழுதியிருப்பதால் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். பெயர் தெரியாத கதாபாத்திரமாக இருந்தால் வேறு பேச்சு.

வேலையின் வரிசையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது எதைக் கெடுத்தது என்று தெரியாது. வியூ லேயரில் மெட்டீரியல் ஓவர்ரைட் போட்டு எல்லாப் பொருளையும் சாம்பலாக்கி, வானமும் வெயிலும் மட்டும் வைத்து ஒரு சின்ன ரெண்டர் எடுங்கள். சாம்பல் படத்திலேயே அவர் அந்த வீட்டில் உட்கார்ந்திருப்பதாகத் தெரிந்தால் லைட்டிங் முடிந்தது, தெரியாவிட்டால் டெக்ஸ்சர் எதையும் தொடாதீர்கள். பிறகு சுவரும் தரையும், அவற்றின் நிறம் அவர் மேல் ஏறுவதைப் பார்த்தபின் தோல், கடைசியில் கண்ணும் முடியும். மறுபடி படம் போடும்போது முழு ரெண்டரோடு அந்தச் சாம்பல் ரெண்டரையும், கண் பகுதியை நூறு சதவீதத்தில் வெட்டின ஒன்றையும், எந்தப் பிளெண்டர் பதிப்பு என்பதையும் சேர்த்துப் போடுங்கள். கண்ணில் வானம் ஒற்றையாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு மற்றதைச் சொல்கிறேன்.